டோக்கியோவில் ஒரு பிடிச் சோறு

திங்கள்

நரிதா விமான நிலையத்திலிருந்து நிஷி கசாயில் இருக்கும் தங்கை வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது. டோக்கியோவில் இந்தியர்கள் அதிகம் குடியிருக்கும் பேட்டை இது. மளிகைக் கடை வாசலில் தெலுங்கும் இந்தியும் கேட்டபடி நடந்தோம்.

இந்தப் பயணத்தில் தங்கையிடம் நான் கேட்டது ஒன்றுதான். பெரிய ஓட்டல் ஒன்றில் சுஷி கவுண்டரில் உட்கார்ந்து, எதிரே நிற்கிறவர் என்ன வைக்கிறாரோ அதைச் சாப்பிட வேண்டும். ஒமகாசே என்பார்கள். மெனு பார்த்து ஆர்டர் கொடுக்கும் வேலையே கிடையாது. அன்றைக்கு என்ன மீன், எந்த வரிசை, எல்லாம் அவர் பொறுப்பு.

டோக்கியோவின் கின்சா பகுதியில் உலகப் பெயர் பெற்ற சுஷிக் கடைகள் இருக்கும்போது ஓட்டல் எதற்கு என்று கேட்பீர்கள். அங்கே இடம் கிடைக்காது, அவ்வளவுதான். பத்து நாற்காலி போட்ட கடை, வருஷக்கணக்கில் வருகிற வாடிக்கையாளர்களுக்கே போதாது. அங்கே இருக்கும் சுகியாபாஷி ஜிரோ, உணவகங்களுக்குத் தரம் போடும் மிஷெலின் கையேட்டில் மூன்று நட்சத்திரம் வாங்கிய கடை. 2019 நவம்பரில் வந்த டோக்கியோ மிஷெலின் கையேட்டில் அதன் பெயரே இல்லை. ருசி குறைந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. பொதுமக்கள் முன்பதிவு செய்து நுழைய முடியாத இடத்தைக் கையேட்டில் போட்டு என்ன பயன் என்று விட்டுவிட்டார்கள். ஓட்டலில் அந்தத் தொல்லை இல்லை. காசு கொடுத்தால் நாற்காலி உண்டு, கொஞ்சம் ஆங்கிலமும் உண்டு. சுஷிப் பித்தர்கள் ஓட்டல் கடைகளைக் கொஞ்சம் இளக்காரமாகப் பேசுவார்கள். பேசட்டும்.

வியாழக்கிழமை இரவு 7 மணிக்கு இடம் உறுதியாகியிருந்தது. கூடவே நிபந்தனைகள்: ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லவும், அன்றைய தினம் ரத்து செய்தால் முழுத் தொகையும் கட்டவும், வாசனைத் திரவியம் தவிர்க்கவும்.

“அண்ணா, சென்ட் கிண்ட் அடிச்சிட்டு வந்துடாதே. வாட்சையும் கழட்டிப் பையில போட்டுக்கோ.”

“வாட்ச் என்னம்மா பண்ணிச்சு?”

“கவுண்டர் ஹினோகி மரம். மெத்துனு இருக்கும், உரசினா கீறல் விழுந்துடும். அதோட விலை உனக்குத் தெரியாது.”

செவ்வாய்

விடியற்காலை டாக்சி பிடித்து டொயோசு மீன் சந்தைக்குப் போனோம். சுகிஜி சந்தைதான் ஊருக்கெல்லாம் தெரிந்த பெயர். 1935இல் தொடங்கிய அந்தச் சந்தையின் உள்வளாகத்தை 2018 அக்டோபர் 6ஆம் தேதி மூடிவிட்டு, 11ஆம் தேதி இங்கே கடை விரித்தார்கள். பழைய இடத்தைச் சுற்றியிருந்த சில்லறைக் கடைகள் மட்டும் அங்கேயே இருக்கின்றன.

புதிய சந்தை பார்க்க மருத்துவமனை மாதிரி சுத்தம். ஈரத்தரையில் வழுக்கி விழுந்து, மீன் வண்டிக்காரரிடம் திட்டு வாங்கும் பழைய அனுபவமெல்லாம் போயே போச்சு. சூரை மீன் ஏலத்தை மேல்தளத்துக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். பக்கத்திலேயே நின்று சத்தத்தோடு பார்க்கும் மேடைக்குக் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். எங்களுக்குக் கண்ணாடிதான்.

ஏலத்தளத்தின் தரைக்குப் பச்சை வண்ணம் பூசியிருக்கிறார்கள். சிவப்புச் சதை எடுப்பாகத் தெரிவதற்காகவாம். வாலை நறுக்கிய சூரைகள் அதன்மேல் வரிசையாகக் கிடக்கின்றன. ரப்பர் பூட்ஸ் போட்டவர்கள் டார்ச் விளக்கும் கொக்கியுமாகக் குனிந்து, வால் வெட்டில் ஒரு துணுக்கைக் கிள்ளி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்க்கிறார்கள். கொழுப்பு எவ்வளவு என்று விரல் சொல்லிவிடும். ஐந்தரை மணி வாக்கில் மணி அடித்ததும் ஏலம் விடுகிறவர் உடம்பை ஆட்டி ஆட்டி ராகம் போடுகிறார். வாங்குகிறவர்கள் வாயே திறப்பதில்லை, விரல் ஜாடைதான். ஒரு மீன் கைமாற சில விநாடிகள்.

சந்தைக்குள் ஓரிடத்தில் 1986இல் சுகிஜிக்கு வந்த 496 கிலோ சூரையின் மாதிரி நிற்கிறது. அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளாதவர் இல்லை, நானும் எடுத்துக்கொண்டேன். 2019 புத்தாண்டின் முதல் ஏலத்தில் வட ஜப்பானின் ஓமா ஊரில் பிடித்த 278 கிலோ சூரை ஒன்று 33 கோடியே 36 லட்சம் யென்னுக்குப் போனது. கிலோ 12 லட்சம். அது மீனின் விலை இல்லை, பத்திரிகையில் படம் வருவதற்கான விலை. சாதாரண நாளில் இதில் நூறில் ஒரு பங்கு கூடத் தேறாது.

அத்தனையும் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, சுஷி என்றால் மீன்தான் என்ற எண்ணம் எனக்குள் உறுதிப்பட்டிருந்தது.

புதன்

மழை. சந்தைக்கும் இன்று விடுமுறை. மதியம்வரை தூங்கினேன். மாலையில் மாப்பிள்ளை வந்ததும், நாளை சாப்பாட்டுக்கு ஆகப்போகும் செலவை அவரிடம் சொன்னேன். “ரெண்டு பேருக்கா, தெருவுக்கா?” என்றார். அவர் பச்சை மீன் தொடமாட்டார். அதனால்தான் தங்கைக்கு இந்த வாய்ப்பு.

வியாழன்

நிஷி ஷிஞ்ஜுகுவின் வானளாவிகளுக்கு நடுவே இருக்கும் ஓட்டல். லிஃப்டை விட்டு இறங்கினால் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, கீழே நகரம் முழுதும் விளக்கு. அந்தப் பக்கம் வேறு உணவகம். சுஷிக் கடைக்கு ஜன்னலே இல்லை. துணித் திரையை விலக்கி உள்ளே போனால் எட்டு நாற்காலி, ஒரே பலகையில் இழைத்த கவுண்டர், சுவர். நல்ல யோசனை என்று தோன்றியது. ஜன்னல் இருந்தால் யார் சோற்றைப் பார்ப்பார்கள்?

சூடான ஈரத்துணி வந்தது. கனத்த பீங்கான் குவளையில் தேநீர் வந்தது. எதிரே நின்றவருக்கு ஐம்பது வயது இருக்கும், மழித்த தலை, குரல் எழும்பவே இல்லை. வசாபிக் கிழங்கைச் சுறாத்தோல் ஒட்டிய பலகையில் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்த சில நிமிஷங்களில் அதன் மணம் இறங்கத் தொடங்கிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேய்க்கிறார்கள். ட்யூபில் வரும் பச்சை விழுதில் பெரும்பகுதி வேறொரு காரக் கிழங்கு. அதைத் தின்று மூக்கைப் பிடித்துக்கொண்டவர்கள் இதைத் தின்றால், இவ்வளவு சாதுவா என்று கேட்பார்கள்.

நிகிரி என்றால் சோற்றின்மேல் மீன் வைத்துக் கையால் பிடித்த சுஷி. முதல் நிகிரி, சீமைச் சப்பை மீன் வகையான ஹிராமே. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலக்கை மரத்தொட்டிக்குள் போய்ச் சோற்றை அள்ளுகிறது, ஒரு சிட்டிகையைத் திருப்பிப் போடுகிறது. இடக்கையில் மீன் துண்டு, அதன்மேல் பட்டாணி அளவு வசாபி, அதன்மேல் சோறு. பிடிகொழுக்கட்டை பிடிப்பது போல அழுத்துவார் என்று காத்திருந்தேன். அழுத்தவே இல்லை. இரண்டு விரல் மேலே பட்டது, ஒரு புரட்டு, இன்னொரு தொடல், முடிந்தது. மேலே ஒரு தூரிகையால் சோயா தடவி என் முன்னால் வைத்தார்.

வைத்ததும் அது அசைந்தது. கண் தப்பில்லை. விரல் விலகிய மறுகணம் அந்தச் சோறு தன் எடையிலேயே ஒரு நூல் அளவு கீழே அமர்ந்தது. உள்ளே காற்று வைத்துப் பிடித்திருக்கிறார். கையில் எடுத்தால் உடையவில்லை. நாக்கில் வைத்ததும் பருக்கை பருக்கையாக அவிழ்ந்துவிட்டது. மீனை மெல்ல வேண்டியிருந்தது, சோற்றை மெல்ல வேண்டியிருக்கவில்லை.

சோறு வெள்ளையாகவும் இல்லை. இளம் பழுப்பு. சோயா கலந்திருக்கிறதா என்று தங்கை மூலம் கேட்டேன். இல்லை, சிவப்பு வினிகர் என்றார். சாக்கே என்ற அரிசி மது வடித்த பிறகு மிஞ்சும் அரிசிச் சக்கையை வருஷக்கணக்கில் ஊறவைத்து எடுப்பது. 1804இல் இன்றைய ஐச்சி மாநிலத்தின் ஹந்தா ஊரில் நகானோ மதாசாயெமொன் என்ற சாக்கே வியாபாரி இதைக் காய்ச்ச ஆரம்பித்தார். மிட்சுகான் என்று இன்று பெரிய நிறுவனமாக நிற்பது அவர் தொடங்கியதுதான். அரிசி வினிகரை விட மலிவு, கப்பலில் எடோவுக்கு, அதாவது பழைய டோக்கியோவுக்கு வந்து இறங்கியது. சக்கையில் இனிப்பும் ஆழமும் இருப்பதால் சோற்றில் சர்க்கரையே தேவைப்படாத அளவுக்கு ருசி. தெருவோரத் தள்ளுவண்டிச் சுஷி சூடு பிடித்ததற்கு இந்த வினிகர் ஒரு பெரிய காரணம்.

தங்கைக்கு இடக்கைப் பழக்கம். முதல் துண்டை வலக்கைக்காரருக்கு வசதியாகச் சாய்த்து வைத்தார். அவள் இடக்கையால் எடுத்ததை ஓரக்கண்ணால் பார்த்திருக்க வேண்டும். இரண்டாவதிலிருந்து அவளுக்கு மட்டும் சாய்மானம் மாறிவிட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் இருபத்தைந்து நிமிஷம் கழித்துத்தான் கவனித்தேன்.

பிறகு கணவாய், மெல்லிய கீறல்கள் போட்டு, ஒரு துளி எலுமிச்சையும் உப்பும். பிறகு கொஹதா. மத்திக்குச் சொந்தக்கார மீன், விரல் நீளம், வெள்ளிப் பளபளப்பில் கரும்புள்ளி. சூரைக்கு நடக்கும் ஏல ஆர்ப்பாட்டமெல்லாம் இதற்குக் கிடையாது. ஆனால் டோக்கியோ சுஷிக்காரர்களை இந்த மீனை வைத்துத்தான் எடை போடுகிறார்கள். பிளந்து, உப்புப் போட்டு, கழுவி, வினிகரில் ஊறவைத்து, அப்புறம் ஓய்வு கொடுத்து. உப்பில் எத்தனை நிமிஷம் என்பது மீனின் பருமனையும் கொழுப்பையும் அன்றைய குளிரையும் பார்த்து மாறும். ஐந்து நிமிஷம் கூடினால் கருவாடு, குறைந்தால் கவிச்சி. இன்னொரு வேடிக்கை: மற்ற மீன்கள் வளர வளர விலை ஏறும், இது வளர வளர விலை இறங்கும். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சாக ஷிங்கோ என்ற பெயரில் கோடையில் வரும்போதுதான் கொள்ளை விலை. முழுசாக வளர்ந்துவிட்டால் கொனோஷிரோ என்று பெயர் மாறி, சீந்துவாரில்லை.

அன்றைய சாப்பாட்டில் எனக்குச் சிறந்தது அதுதான். புளிப்பு மீனும் புளிப்புச் சோறும் ஒன்றையொன்று முந்தாமல் சேர்ந்தே கரைந்தன.

பாதியில் உதவியாளர் ஒருவர் மூடி போட்ட மரத்தொட்டியில் புதுச் சோறு கொண்டுவந்தார். பழையது இன்னும் பாதி மிச்சம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சூடு உடம்புச் சூட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதாம். அடுத்து வரப்போவது சூரை, குளிர்ந்த சோற்றில் அதன் கொழுப்பு உருகாது.

சூரை மூன்றாக வந்தது. சோயாவில் ஊறிய சிவப்புச் சதை, நடுக்கொழுப்பான சூதோரோ, வயிற்றுப் பகுதியான ஓதோரோ. ஓதோரோ வாயில் வெண்ணெய் போல மறைந்துவிட்டது என்று எல்லோரும் எழுதுவார்கள், உண்மைதான். ஆனால் மறைந்த பிறகு நினைவில் எதுவும் நிற்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். குளிர்பதனப் பெட்டி வருவதற்கு முன்பு இந்தக் கொழுப்புப் பகுதி சீக்கிரம் கெட்டுப்போகும் என்று தள்ளிவைத்தவர்கள்தான் இவர்கள். பூனைகூடத் தாண்டிப் போய்விடும் என்று கேலி செய்திருக்கிறார்கள். எனக்கு ஊறவைத்த சிவப்புச் சதையே பிடித்தது. அதற்கு ஒரு வீம்பு இருந்தது.

கவுண்டரின் அந்தக் கடைசியில் ஒரு ஜப்பானியர் வெளிநாட்டு விருந்தாளி ஒருவரை அழைத்து வந்திருந்தார். விருந்தாளி மீனை மட்டும் உரித்துத் தின்றுவிட்டு சோற்றைத் தட்டிலேயே விட்டுக்கொண்டிருந்தார். மாவுச்சத்து வேண்டாமாம். மூன்று சோற்று உருண்டைகள் தட்டில் மொட்டையாக உட்கார்ந்திருந்தன. நான்காவது முறை சோறு பாதி அளவுக்குச் சிறுத்தது. ஐந்தாவது முறை மீன் மட்டுமே வந்தது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. நான் அந்த இடத்தில் நின்றிருந்தால் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். அதனால்தான் அவர் அங்கே நிற்கிறார், நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

“சோறு ஆறு பங்கு, மீன் நாலு பங்குன்னு இவங்க கணக்கு சொல்லுவாங்க அண்ணா” என்று தங்கை காதோடு சொன்னாள். அவர் காதில் விழுந்திருக்காது, தமிழ் வேறு. ஆனால் சரியாக அந்த நேரம் பார்த்து, சோறு உங்களுக்குப் போதுமா, கூட்டவா என்று என்னிடம் கேட்டார். கூட்டுங்கள் என்றேன்.

அப்புறம் கொதிக்க வைத்து அப்போதே உரித்த இறால். அப்புறம் கடற்பாசித் தாளால் சுற்றி மேலே ஊனி வைத்த குன்கான். கடல் முள்ளெலியின் ஊனி கையில் பிடித்தால் நிற்காது. கின்சாவின் கியூபேய் கடையில் 1941இல் இப்படிச் சுற்றுச்சுவர் எழுப்பினார்கள், இன்று உலகமெங்கும் அதுதான் வழி. கடல் விலாங்கு சூடாக, பஞ்சாக வந்தது. கடைசியில் முட்டை, கேக் மாதிரி.

ஆளுக்கு 27,500 யென், வரி சேர்த்து. அதன்மேல் ஓட்டலின் 15 சதவீத சேவைக் கட்டணம். ஆக 31,625. இரண்டு பேருக்கு 63,250. நாங்கள் குடிக்கவில்லை, குடித்திருந்தால் இன்னும் எகிறியிருக்கும். டிப்ஸ் கிடையாது, கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள். தகுமா என்றால், மீனுக்கென்றால் தகாது. அதே சந்தையில் வாங்கிய நல்ல மீன் இதில் கால் விலைக்குக் கிடைக்கும் கடைகள் ஊர் முழுக்க உண்டு. நான் கொடுத்தது அந்தக் கொஹதாவின் உப்புக்கும், பாதியில் திரும்பிப் போன சோற்றுத் தொட்டிக்கும். அதற்குத் தகும்.

வெள்ளி

ரியோகோகு போனோம். சுமோ அரங்கம் இருக்கும் பகுதி. 1820களில் ஹனாயா யொஹேய் என்பவர் இங்கேதான் கடை போட்டு, கையால் பிடிக்கும் சுஷியைப் பிரபலமாக்கினார் என்பார்கள். இடத்தைக் காட்ட ஓர் அறிவிப்புப் பலகை, அவ்வளவுதான். அந்தக் காலத்து நிகிரி இன்றையதைப் போல இரண்டு மூன்று மடங்கு பெரிது, இரண்டு தின்றால் பசி அடங்கிவிடும். நின்றபடி தின்றுவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்களுக்கான சாப்பாடு. 1923 நிலநடுக்கத்தில் டோக்கியோ நொறுங்கியபோது சுஷிக்காரர்கள் சொந்த ஊர்களுக்குத் திரும்பினார்கள், அப்படித்தான் இந்த ஊர்ப் பண்டம் நாடு முழுக்கப் போனது.

எனக்கு இதைவிடப் பிடித்தது போருக்குப் பிந்தைய கதை. 1947இல் உணவுத் தட்டுப்பாடு. சாப்பாட்டுக் கடைகளுக்கு அரசு தடை போட்டது. சுஷிக்காரர்கள் சொன்னார்கள்: நாங்கள் சாப்பாடு விற்கவில்லை, அரிசிக்குக் கூலி வேலை செய்கிறோம். வாடிக்கையாளர் ரேஷன் அரிசி ஒரு கோ, சுமார் 150 கிராம், கொண்டுவந்தால் கூலி வாங்கிக்கொண்டு பத்துத் துண்டு பிடித்துக் கொடுப்பார்கள். இன்றைக்கு ஒரு ஆள் சுஷி என்றால் பத்துத் துண்டு என்ற வழக்கமும், துண்டின் அளவும் அங்கிருந்து வந்தவை. மீன், கடைக்காரர் பாடு; அரிசி, அவரவர் பாடு. எதை நம்பி அந்தத் தொழில் பிழைத்தது பாருங்கள்.

மாலை, பள்ளி விட்டதும் தங்கை மகளையும் கூட்டிக்கொண்டு சுழல்பட்டைச் சுஷிக் கடை. 1958இல் ஒசாகாவில் ஷிராய்ஷி யொஷியாகி, பீர் ஆலையில் பாட்டில்கள் பட்டையில் நகர்வதைப் பார்த்துத் தொடங்கிய சமாச்சாரம். இங்கே தட்டு நூற்றுச் சொச்சம் யென். தொடுதிரையில் அமுக்கினால் தட்டு குட்டி ரயில்போல வந்து முன்னால் நிற்கிறது. மருமகள் வரிசையாகச் சால்மனாக அமுக்கினாள். பழைய டோக்கியோ சுஷியில் பச்சைச் சால்மன் கிடையாது, புழுப் பயம். 1980களில் நார்வே தன் பண்ணைச் சால்மனைக் கொண்டுவந்து தலைகீழாக நின்று பழக்கியதுதான்.

“மாமா, நேத்து நீங்க போன கடையில சால்மன் இருந்துச்சா?”

“இல்லம்மா.”

“அப்புறம் எதுக்கு அவ்ளோ காசு?”

சோறு இயந்திரம் பிடித்தது. நேற்றைய சோறு போல அவிழவில்லை, ஆனால் மோசமில்லை. சுசுமோ என்ற நிறுவனம் 1981இல் முதல் சுஷி ரோபோவைச் செய்தது. நெல் சாகுபடியைக் குறைக்கச் சொன்ன அரசின் கொள்கை அதன் நிறுவனருக்குப் பிடிக்கவில்லை. சுஷி மலிந்தால் ஜனங்கள் அரிசி தின்பார்கள் என்று கிளம்பினார். மருமகள் அடுக்கிய தட்டுகளைப் பார்த்தால் அவர் கணக்கு சரிதான். மூன்று பேரும் வயிறு முட்டத் தின்று, உருளைக்கிழங்கு வறுவலும் சேர்த்து, 4,000 யென் சொச்சம்.

சனி

ஷிங்கான்சென் புல்லட் ரயிலில் கியோத்தோ. நாளை அங்கிருந்து பக்கத்து ஷிகா மாநிலத்தின் பிவா ஏரிக்கரை. சுஷியின் மூதாதை அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது, ஃபுனாசுஷி என்று. ஏரிக் கெண்டையை உப்பிட்டு, சோற்றில் புதைத்து, மாதக்கணக்கில் புளிக்கவிட்டு எடுப்பார்கள். அந்த முறையில் சோறு மீனைக் காப்பதற்கு மட்டும்தான். கூழாகிப்போன சோற்றைப் பெரும்பாலும் வழித்துப் போட்டுவிட்டு மீனை மட்டும் சாப்பிடுவார்கள். நாற்றம் தாங்காது என்கிறாள் தங்கை. “வாங்கிட்டு வந்தா பால்கனியில வெச்சுத்தான் தின்னணும் அண்ணா, உள்ள விடமாட்டேன்.”

நான் அந்தச் சோற்றையும் கொஞ்சம் கேட்டு வாங்கித் தின்று பார்ப்பதாக இருக்கிறேன்.